உருகி மீளும் அச்சு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

வார்ப்பு என்றதும் நம்மில் பலருக்குச் சுவாமிமலைச் சிற்பிகளும் அவர்கள் வார்க்கும் பஞ்சலோகத் திருமேனிகளுமே நினைவுக்கு வரும். ஆனால் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில், அதிலும் தேரிக்காட்டை ஒட்டிய ஊர்களில் பிறந்தவர்கள் வார்ப்புத் தொழிலைச் சிறு பிராயத்திலேயே பார்த்தவர்கள்தாம். விடிலியில் பதநீரைக் காய்ச்சிப் பாகு திரண்டதும், நனைத்து வைத்த சிரட்டைகளில் ஊற்றுகிறார்களே, அதுவும் வார்ப்பே. சிரட்டை அச்சு, கருப்புக்கட்டி வார்ப்பு. என் தந்தையார் பனை ஏறுபவர். என் தாயார் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாகு ஊற்றி வருகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே என்றாலும், இக்கட்டுரைக்கு அடிப்படையான பாடத்தை அந்த அடுப்படியில்தான் கற்றேன் என்பதைக் கூறிவிடுகிறேன்.

ஆறிய கருப்புக்கட்டியைச் சிரட்டையைக் கவிழ்த்துத் தட்டினால் முழுதாக விழுந்துவிடுகிறது. ஏன்? சிரட்டையின் வாய் அகலம், அடி குறுகல். உள்ளே எந்த இடமும் வாயைவிட அகன்று இல்லை. இதே பாகைக் கழுத்து ஒடுங்கிய ஒரு செம்பில் ஊற்றி ஆறவிட்டால் என்ன ஆகும்? செம்பை உடைக்க வேண்டும், அல்லது கருப்புக்கட்டியை உடைக்க வேண்டும். வார்ப்புக் கலையின் முழுச் சிக்கலும் இந்தச் செம்பில் அடங்கியிருக்கிறது. மனித முகத்தில் மூக்கின் அடியும், காது மடலின் பின்புறமும், மடக்கிய கையின் இடுக்கும் இத்தகைய ஒடுக்கங்களே. கெட்டியான அச்சு இவற்றில் மாட்டிக்கொள்ளும்.

இச்சிக்கலை மனிதன் மூன்று விதமாகத் தீர்த்திருக்கிறான். முதலாவது, அச்சைப் பல துண்டுகளாகச் செய்து பிரித்தெடுப்பது. நவராத்திரிக் கொலுப் பொம்மை செய்வோர் கையாளும் வழி இது. இரண்டாவது, அச்சையே பலி கொடுப்பது. சுவாமிமலையில் தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து உருச் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பின்பு மண்ணை உடைத்துத் திருமேனியை வெளியே எடுக்கிறார்கள். ஓர் அச்சுக்கு ஒரே திருமேனி. வடித்த மெழுகு மறுபடி பயன்படும். உடைத்த அச்சு அச்சாகத் திரும்பாது.

மூன்றாவது வழிதான் நாம் இங்கே ஆராயப்போவது. அச்சே வளைந்து கொடுக்க வேண்டும். ஒடுக்கத்திலிருந்து நெளிந்து வெளிவர வேண்டும். வேலை முடிந்ததும் உருகித் திரவமாகி, அடுத்த உருவுக்கு மீண்டும் அச்சாக வேண்டும். இப்படிப்பட்ட பொருள் உண்டா? உண்டு. நம் மன்னார் வளைகுடாவிலேயே அது விளைகிறது.

ஜெலாட்டினும் சித்திரை வெயிலும்

ஐரோப்பாவில் சுண்ணச் சிற்ப வேலை செய்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வளையும் அச்சுக்கு வச்சிரத்தைப் பயன்படுத்தினர். மாட்டுத்தோல், எலும்பு இவற்றிலிருந்து கிடைக்கும் ஜெலாட்டின்தான் வச்சிரத்தின் சாரம். வெந்நீரில் கரைத்து உருவின்மேல் ஊற்றினால் குளிர்ந்து ரப்பர் போல் உறையும். கிளிசரின் சேர்த்தால் காய்ந்து வெடிக்காது. உட்புறத்தில் படிகார நீர் பூசினால் மேற்பரப்பு சற்று இறுகும். உருவை எடுத்தபின் துண்டு துண்டாக வெட்டி மறுபடி உருக்கலாம்.

எல்லாம் சரி, ஆனால் இது குளிர்நாட்டுப் பண்டம். சாதாரணமாகக் கரைத்த ஜெலாட்டின் களி 30 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசி நண்பகலில் நம் வகுப்பறை எந்த நிலையில் இருக்கும் என்பதை நண்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை! அடர்த்தியாகக் காய்ச்சிய வச்சிரம் இன்னும் சற்றுத் தாங்கும் என்றாலும், வேறோர் இடையூறு காத்திருக்கிறது. அச்சில் ஊற்றும் பாரிஸ் சாந்து இறுகும்போது தானே வெப்பத்தை வெளிவிடுகிறது. பெரிய கட்டியாயின் 50, 60 டிகிரி வரைகூட ஏறும். அச்சின் உட்பரப்பு இளகி, மூக்கும் உதடும் மழுங்கிப் போகும்.

வேடிக்கை என்னவென்றால், இதே தொல்லைதான் நுண்ணுயிரியலின் வரலாற்றையே மாற்றியது. ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாக்களை ஜெலாட்டின் களியில் வளர்த்து வந்தனர். உடல் வெப்பநிலையான 37 டிகிரியில் வைத்தால் களி நீராகிவிடும். சில பாக்டீரியாக்கள் களியையே செரித்துவிடும். அங்குப் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே 1881-இல் ஒரு யோசனை சொன்னார். தாம் சமையலில் பழக்கூழ் இறுகச் சேர்க்கும் அகர்-அகரை முயன்று பார்க்கலாமே என்றார். கோடையிலும் இளகாத அப்பொருளை, ஜாவாவில் வாழ்ந்து வந்த குடும்பத்தினரிடமிருந்து அவர் அறிந்திருந்தார். இன்றுவரை உலகின் ஆய்வுக்கூடங்கள் அனைத்திலும் அகர்த் தட்டுகளே உள்ளன. சமையலறை சொல்லிக் கொடுத்து ஆய்வுக்கூடம் கற்றுக்கொண்ட சந்தர்ப்பங்களுள் இது ஒன்று. அந்த அம்மையாரின் பெயர் நம் பாடநூல்களில் இன்னும் சற்றுப் பெரிய எழுத்தில் இருக்கலாம் என்பது என் கருத்து.

அகர் என்ற பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் புதிதன்று. காயல்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் நோன்பு மாதத்தில் இஸ்லாமிய நண்பர்களின் இல்லங்களில் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் ‘கடல்பாசி’ அதுவே. மளிகைக் கடையில் வெள்ளை நார்க்கட்டாக விற்கிறார்கள்.

உறைவதும் உருகுவதும்

நெய் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையை ஒட்டி உருகுகிறது. ஏறத்தாழ அதே நிலையில் உறைகிறது. முட்டை ஒருமுறை வெந்துவிட்டால் திரும்புவதே இல்லை. அகர் இரண்டிலும் சேராது. அகர்க் களியை உருக்க 85 டிகிரி அளவுக்குச் சூடேற்ற வேண்டும். ஆனால் உருகிய அகர் ஆறும்போது 40 டிகிரிக்கு அருகில் வரும்வரை திரவமாகவே இருக்கும். உருகுநிலைக்கும் உறைநிலைக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி! இயற்பியலில் காந்தத் தயக்கம் என்று படிக்கிறோம் அல்லவா? அதைப்போல் இது வெப்பத் தயக்கம்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அகர் ஒரு பாலிசாக்கரைடு. அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் நீளச் சங்கிலியாய்க் கோத்த பொருள். அதில் களியாக்கும் பகுதிக்கு அகரோஸ் என்று பெயர். சூடான கரைசலில் சங்கிலிகள் தனித்தனியே நெளிந்து கிடக்கும். ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு இரட்டைச் சுருளாகும். அச்சுருள்கள் பல ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றையாகி, வலை பின்னி, நடுவே நீரைச் சிறைப்படுத்தும். தனிச் சுருள் எளிதில் பிரியும். கற்றையோ ஹைட்ரஜன் பிணைப்புகள் பலவற்றால் கட்டுண்டது. கட்டுவதற்குச் சற்றுக் குளிர்ச்சி போதும். கட்டிய கற்றையை அவிழ்க்கவோ மிகுந்த வெப்பம் வேண்டும். கயிறு திரிப்பவரிடம் கேட்டால் இதையே வேறு சொற்களில் கூறுவார்.

வார்ப்பவனுக்கு இந்த இடைவெளி பெரும் பேறு. 50 டிகிரியில், விரல் தாங்கும் சூட்டில் ஊற்றலாம்; ஆகவே மெழுகு உருவும் ஈரக் களிமண் உருவும் கெடுவதில்லை. உறைந்தபின் அதனுள் பாரிஸ் சாந்து 60 டிகிரிக்குச் சூடானாலும் அச்சு அசையாது. ஜெலாட்டினுக்கு இல்லாத துணிவு இதற்கு உண்டு.

இந்தப் பண்பை 1920-களில் வியன்னாவில் அல்ஃபோன்ஸ் போலர் என்பவர் உடலுறுப்புகளின் படி எடுக்கக் கையாண்டார். பின்னர்ப் பல் மருத்துவர்கள் எடுத்துக்கொண்டனர். வாயில் பல்வரிசையின் அச்செடுக்க முதன்முதலில் பரவலாகப் பயன்பட்ட வளையும் பொருள் அகரே. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றதால், வேறு கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் அந்த இடத்தைப் பிடித்தது. ஆல்ஜினேட் கால்சியத்தோடு வினைபுரிந்து இறுகுவது. முட்டையைப் போலத் திரும்பாதது. ஒருமுறை பயன்படுத்தினால் குப்பைத் தொட்டிதான்.

ஜப்பானைச் சொன்னோம், நம் கடலைச் சொல்ல வேண்டாமா? மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று மீனவர் அழைக்கும் இரு வகைகள் அகர் தருபவை. மரிக்கொழுந்தின் அகர் உறுதியானது. கஞ்சிப்பாசியின் அகர் சற்று இளகலானது. கட்டக்கோரை ஆல்ஜினேட்டுக்கு உரியது. இராமநாதபுரம் மாவட்டக் கரையில் 1960-களிலிருந்து வாணிப நோக்கில் பாசி எடுக்கிறார்கள். எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பறிக்கிறார்கள். 1986-இல் தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்கா ஆனபின், தலைமுறையாய்ப் போன இடத்துக்கே போகத் தடை வந்தது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்மணி, இப்பெண்களின் உரிமைக்கும் பாசி வளம் அழியாமல் அளவோடு எடுப்பதற்கும் பாடுபட்டமைக்காக 2015-ஆம் ஆண்டின் சீகாலஜி என்னும் பன்னாட்டுப் பரிசைப் பெற்றார். மளிகைக் கடையில் ஒரு நார்க்கட்டை எடுக்கும்போது அதன் பின்னே ஒரு மூச்சடக்கு இருக்கிறது. ஆகவே ஒருமுறை கரைத்ததை எத்தனை முறை திரும்ப உருக்கலாம் என்ற கேள்வி வெறும் சிக்கனக் கேள்வி அன்று என்று எனக்குப் படுகிறது.

ஆதிச்சநல்லூர் எருமை

இனிச் செய்முறைக்கு வருவோம். உருவுக்கு நான் தேர்ந்தெடுத்தது எருமை. அதுவும் சாதாரண எருமையன்று. நம் பக்கத்து ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் வெண்கலத்தால் ஆன எருமை, ஆடு, சேவல், புலி, யானை உருவங்கள் உண்டு. 2023-இல் ஆதிச்சநல்லூரிலேயே தளக் காட்சியகம் அமைந்தது மகிழ்ச்சிக்குரியது. என்றாலும் அந்த வெண்கல எருமையை நேரில் காண நம்மூர்ப் பிள்ளைகள் இரவு ரயில் ஏறித்தான் ஆகவேண்டும். பார்த்தவர் எத்தனை பேர்?

எங்கள் ஊர் வேளார் ஒருவர், படத்தைப் பார்த்து, ஒரு சாண் நீளத்தில் களிமண்ணால் அவ்வெருமையைச் செய்து கொடுத்தார். வளைந்து பின்னோக்கிய கொம்புகள். வயிற்றின் அடியே நான்கு கால்கள். கெட்டி அச்சுக்கு இதைவிடப் பகையான உரு கிடைக்காது.

250 மில்லி நீரில் 20 கிராம் அகர் நாரைப் பொடியாக நறுக்கி இரவு முழுதும் ஊறவைத்தேன். மறுநாள் துறையின் நீர்த்தொட்டியில் பாத்திரத்தை வைத்துக் கொதிநிலையில் கட்டியின்றிக் கரையும்வரை கிளறினேன். நேரடித் தீயில் வைக்கக் கூடாது, அடி பிடிக்கும். கரைந்ததும் எடை பார்த்து, ஆவியாய்ப் போன நீரை ஈடுசெய்து 270 கிராமாக்கினேன். இந்த எடைதான் முழு முறைக்கும் உயிர்நாடி. பின்பு வெப்பமானியை இட்டு 50 டிகிரி வரும்வரை காத்திருந்து, தகரப் பெட்டிக்குள் நிறுத்திய எருமையின் ஓரமாக மெல்ல ஊற்றினேன். மேலிருந்து கொட்டினால் காற்றுக் குமிழிகள் கொம்படியில் தங்கும். ஒரு மணி நேரத்தில் களி உறைந்தது. பக்கவாட்டில் கத்தியால் ஒரு கீறல். இரு கைகளால் விரித்தால் எருமை வெளியே வந்துவிட்டது. உள்ளே பார்த்தேன். வேளாரின் கட்டைவிரல் ரேகைகூடக் களியில் பதிந்திருந்தது.

அகர் பாரிஸ் சாந்து இறுகுவதைத் தாமதப்படுத்தும். வார்ப்பின் மேல்தோல் மாவுபோல் உதிரும். இதற்குப் பல் மருத்துவர்கள் கண்ட மருந்து பொட்டாசியம் சல்ஃபேட். 2 சதவீதக் கரைசலை அச்சினுள் ஊற்றிச் சில நிமிடங்கள் வைத்து, வடித்துவிட்டு, உடனே சாந்தை ஊற்ற வேண்டும். ‘உடனே’ என்பதைக் கவனிக்க. அகர்க் களி சும்மா கிடந்தாலே நீரைக் கசியவிட்டுச் சுருங்கும். நீரில் போட்டு வைத்தாலோ உறிஞ்சிப் பருக்கும். காலையில் அச்செடுத்து மாலையில் ஊற்றலாம் என்றால் எருமை கன்றாகிவிடும்.

பாரிஸ் சாந்தும் நமக்கு அந்நியமன்று. ஜிப்சத்தைச் சூடேற்றி நீரில் ஒரு பகுதியைப் போக்கினால் அது கிடைக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முன்னரே கால்சியம் சல்ஃபேட் படிகிறது, அதுவே ஜிப்சம். ஆக, அச்சும் கடலில் பிறந்தது, வார்ப்பும் கடலில் பிறந்தது.

ஓர் அச்சில் மூன்று எருமைகள் சுத்தமாக வந்தன. நான்காவதில் கீறலின் ஓரம் கிழிந்து, ஒரு கொம்பின் கீழே தழும்பு விழுந்தது. களியை நறுக்கி, ஒட்டிய சாந்துத் துகள்களைக் கழுவி, நீரை ஒற்றி எடுத்து நிறுத்தேன். 236 கிராம் இருந்தது. குறைந்த 34 கிராமில் பெரும்பகுதி நீரே. அதைச் சேர்த்து உருக்கியதும் களி பழைய உறுதியோடு உறைந்தது. நீரைச் சேர்க்காமல் அப்படியே உருக்கினால் ஒவ்வொரு முறையும் பாகு தடித்துக்கொண்டே போய் நுண்ணிய கோடுகளில் இறங்க மறுக்கும். இவ்வாறு ஐந்து முறை உருக்கினேன். ஐந்தாம் முறை களி இழுத்தால் பிய்ந்தது. திரும்பத் திரும்பக் கொதிக்கும்போது அகரோஸ் சங்கிலிகள் நீராற்பகுப்பால் அங்கங்கே அறுபடுவதே காரணம். அமிலம் பட்டால் இது விரைவாகும். எனவே எலுமிச்சை பிழிந்த சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்கலாகாது.

கடைகளில் இக்காலத்தில் சிலிகான் ரப்பர் கிடைக்கிறதே, அதைவிட இது மேலா என்று வகுப்பு நண்பர்கள் கேட்டனர். நூற்றுக்கணக்கில் வார்க்க வேண்டுமானால் சிலிகான்தான் மேல், அதில் ஐயமில்லை. ஆனால் அது ஒரே உருவுக்கு உரியது. உரு மாறினால் புதிதாக வாங்க வேண்டும். எடைக்கு எடை அகர் மலிவன்று. ஆயினும் ஒரு லிட்டர் களிக்கு 80 கிராம்தான் தேவை, மீதியெல்லாம் தண்ணீர். அத்தண்ணீரைத் தாமிரபரணி தருகிறாள்.

வேளாரிடம் முதல் எருமையைக் கொண்டு சென்றபோது அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொழிலாளியின் கேள்வியைக் கேட்டார்.

“ஒரு அச்சுல எத்தன உரு வரும் தம்பி?”

“மூணு நல்லா வரும் அண்ணாச்சி. அப்புறம் உருக்கி மறுபடி அச்செடுக்கணும்.”

“எனக்கு நவராத்திரிக்கு முந்நூறு உரு வேணும்லா? நூறு தடவ உருக்கிக்கிட்டு இருக்க முடியுமா?”

முடியாதுதான். நான் விடை தேடிக்கொண்டிருக்கையில் அவரே தொடர்ந்தார். கொலுப் பொம்மைக்கான துண்டச்சு எடுக்க, களிமண் உருவின்மேல் சாந்து பூசிப் பூசிப் பிரிக்கும்போது பெரும்பாலும் உரு சிதைந்துவிடும். துண்டு சரியாக அமையாவிட்டால் உருவை முதலிலிருந்து செய்ய வேண்டும். பத்து நாள் வேலை போகும்.

“இப்படிக் கல்லு மாதிரி மூணு உரு கெடச்சா, ஒண்ணு சரியா வராட்டாலும் இன்னொண்ணுல அச்சு எடுத்துக்கிடலாமே. எனக்கு அது போதும்.”

முந்நூறுக்குப் பயன்படுமா என்றே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இப்பொருளின் உண்மையான இடம் அந்த முதல் மூன்றில் இருக்கிறது என்பதை அவர் ஒரு நிமிடத்தில் கண்டுகொண்டார். பல் மருத்துவக் கூடங்களிலும் மூலப்படியிலிருந்து இரண்டாம் படி எடுக்கத்தான் அகரை உருக்கி உருக்கிப் பயன்படுத்துகிறார்கள். வேளார் அக்கூடங்களைப் பார்த்ததில்லை. அந்த மூன்றில் இரண்டை அவர் வைத்துக்கொண்டு, ஒன்றில் ஆறு துண்டுகளாக அச்செடுத்துவிட்டார். மூன்றாவது வரலாற்றுத் துறை அலமாரியில் இருக்கிறது. தழும்பு விழுந்த நான்காவதை ஆதிச்சநல்லூர்ப் பிள்ளைகள் சிலர் கேட்டு வாங்கிச் சென்றனர். தொட்டுப் பார்க்கவும் தூக்கிப் பார்க்கவும் அவர்களுக்குத் தழும்பு தடையாக இல்லை.

இரண்டாவதாகக் கரைத்த அகர், மூடியிட்ட தகரப் பெட்டியில் ஈரத்துணி போர்த்தி எங்கள் துறை ஆய்வுக்கூடத்தில் உள்ளது. பூஞ்சை பிடிக்காதிருக்கச் சிட்டிகை சோடியம் பென்சோயேட் சேர்த்திருக்கிறேன். விலங்கியல் நண்பர்கள் சிப்பி, சங்குகளின் படி எடுக்கக் கேட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். மூடியின்மேல் ஒட்டிய தாளில் 270 கிராம் என்று எழுதியிருக்கும்; உருக்குமுன் நிறுத்து, குறைந்த நீரைச் சேர்த்துக்கொண்டு, எத்தனையாவது உருக்கல் என்பதை அதன் கீழே குறித்துவிட்டால் அடுத்தவருக்கு வசதியாக இருக்கும்.